தண்ணி ஓடாத நாளில் சுறா விற்காதவள்

ஆம்பூரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வாணியம்பாடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பெரிய ரோட்டின் ஓரம். மதியம் இரண்டு மணி இருக்கும். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் புழுதியும் சூடும் மேலே அடித்தன. முழங்கைவரை மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. பஸ்ஸுக்குக் காசு இருந்தது, ஏறவில்லை. உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும் போலிருந்தது. அது தணிவதில் எனக்கு இஷ்டமில்லை.

அன்று காலை ஒரு பெண்ணின் மீன் மேடை பறிபோயிருந்தது. மேடை என்றால் நாலடிக்கு மூன்றடி சிமென்ட் பலகை. அதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. மார்க்கெட் கமிட்டிதான் எடுத்துக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். நான்தான் பறித்துக் கொடுத்தேன். இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. எழுதும்போது இன்னும் கை சூடாகிறது.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. மார்க்கெட்டிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சுறாக்காரி. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு குப்பத்தில் பிறந்து, ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கட்டையான உடம்பு, பெரிய குரல். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

முதல் நாள் நான் பார்த்தபோது ஒரு ஆளை அடிக்கத் தயாராக நின்றிருந்தாள். அவன் ஷூ கம்பெனி வேன் டிரைவர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அவன் அதற்காக வந்திருந்தான்.

“ஒரு கிலோ பால்சுறா போடுக்கா.”

“இல்ல.”

“பெட்டியில இன்னா கீது அப்ப?”

“சங்கரா கீது, மத்தி கீது. சுறா இல்ல.”

“எதிர்க்கடையில கீதே.”

“அங்க இருக்கும். ஆயுத பூசைக்கு வச்சது பொங்கல் வரிக்கும் இருக்கும். இன்னிக்கு அஷ்டமிடா. அங்க முகத்துவாரத்துல தண்ணி செத்துக் கெடக்குது. தண்ணி ஓடலன்னா சுறா வராது. வராத மீனு எப்படிடா கடையில வந்து படுக்கும்? யோசி.”

“நான் வண்டி ஓட்றவன்க்கா. எனக்கு இன்னாத்துக்கு அஷ்டமி நவமி? வூட்ல பொண்டாட்டிக்குப் பால் இல்ல.”

“ஒம்போது நாள் கழிச்சி வா. பௌர்ணமி போய் ரெண்டாம் நாளு. நல்லதா தர்றேன்.”

“அதுக்குள்ள என் புள்ள எழுந்து நடந்துடும்க்கா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மீன் கழுவிய தண்ணீர் வாளியைத் தூக்கினாள். அவன் எதிர்க்கடைக்குப் போய்விட்டான். அவள் வாளியோடு திரும்பியபோது அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன்.

“நீ இன்னா? உனக்கும் சுறாவா?”

“வேலை இருந்தா குடுக்கா. பெட்டி இறக்குவேன், அறுப்பேன். தோலுரிக்கத் தெரியும்.”

“எங்க இருந்தே?”

“பேரணாம்பட்டுல, தோல் ஃபேக்டரில. அப்புறம் ஓசூரு, திருப்பூரு.”

“மூக்கு கீதா?”

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேடிக்கை இல்லை.

“இருக்கு” என்றேன்.

அதுதான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

பேரணாம்பட்டில் பதினாறு வயதில் டிரம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியோடு சரி. சுண்ணாம்பில் ஊறின தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க டிரம்மில் ஒரு உப்பைப் போட்டுச் சுற்றவிடுவார்கள். கதவைத் திறந்தால் அமோனியா மூஞ்சியில் அடிக்கும். முதல் மாதம் கண்ணீர் விட்டேன். ஆறாவது மாதம் ஒன்றும் தெரியவில்லை. பழகிவிட்டது என்று மேஸ்திரி முதுகில் தட்டினார். பழகவில்லை, செத்துவிட்டது. அது எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது. ஒரு டீக்கடையில் பால் தீய்ந்து எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன்.

பழைய சுறாவிலிருந்து வருவதும் அதே அமோனியாதான். மற்ற மீன் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், சதை குழையும். சுறாவைப் பனிக்கட்டியில் போட்டு வைத்தால் பார்வைக்கு அப்படியே இருக்கும், நாற்றம்தான் சொல்லிக்கொடுக்கும். எங்கள் ஊர்களிலோ பாதிப் பேருக்கு அந்த நாற்றம் தெரியாது. கெட்ட சுறாவை ஊரெல்லாம் விட்டு இங்கே கொண்டுவந்து விற்றதற்குக் காரணம் அதுதான். எதிர்க்கடை ஐஸ்பெட்டிக்காரர் ஒன்றும் முட்டாள் இல்லை. யார் யாருக்கு மூக்கு போய்விட்டது என்று வியாபாரம் செய்கிறவனுக்குத் தெரியாதா?

அக்காவுக்கு இது தெரிந்த விதத்தை அவள் புருஷன்தான் எனக்குச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போகவில்லை. மாமியார் ஆசையாகச் சுறாப்புட்டு செய்து கொடுத்திருக்கிறாள். தட்டு வாசலுக்கு வரும்போதே அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு “இது செத்து எத்தினி நாளாச்சு?” என்று கேட்டிருக்கிறாள். மாமியார், மாமனார், புருஷன் மூன்று பேரும் அதே சட்டியிலிருந்து தின்றுகொண்டிருந்தார்களாம். மூன்று பேரும் தோல் வேலை. கடற்கரைக்காரிக்குத் திமிரு என்று பேச்சு வளர்ந்தது. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் அவள் எழுந்து வந்து சட்டியைத் தெருவில் வீசினாள்.

“நாய் மோந்து பாத்துட்டு போய்ட்ச்சி தம்பி” என்பார் அவர். “அப்பதான் எங்கம்மாவே நம்பிச்சி.”

அந்த வருஷமே அவள் மேடை பிடித்தாள். அவளுடைய தம்பிக்கு முகத்துவாரத்தில் படகு இருந்தது. அவன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி பார்சல் வேனில் விடிகிற நேரம் ஆம்பூர் வந்துவிடும்.

மேடைக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கும். அவள் தேதியைப் பார்த்ததே இல்லை. கீழே சின்ன எழுத்தில் இருக்கிற திதியை மட்டும்தான் பார்ப்பாள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் திட்ட வேண்டியவர்களைத் தீர்மானித்துக்கொள்வாள். அவள் கடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதெல்லாம் திட்டாகத்தான் வந்தது. யாராவது தப்பான நாளில் வந்து சுறா கேட்க வேண்டும், அவளுக்கு ஏற வேண்டும், அப்போதுதான் வாயிலிருந்து விழும்.

“தண்ணி ஏறும், வத்தும். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி. இது கூடத் தெரியாம எதுக்கு மீனு திங்கிறீங்க?”

“சுறா கண்ணால வராது, மூக்கால வரும். தூண்டில்ல இரைய வச்சா அந்த வாசனை தண்ணியோட போவணும். தண்ணி ஓடுனாதான போவும்? ஓடாத தண்ணில வாசனை அங்கயே நிக்கும். சுறா அரை மைல் தள்ளி வேற பக்கம் போய்க்கினு இருக்கும். உங்க ஊர்க்காரனுங்க சுறாவாப் பொறந்திருந்தா பட்டினி கெடந்து செத்திருப்பானுங்க.”

“அமாவாசை அன்னிக்கே வந்து கேக்குறான் பாரு, மடையன். அன்னிக்குத் தண்ணி இழுக்குற இழுப்புல வலை நிக்குமா? தரையோட படுத்துக்கும். ரெண்டு நாள் போவணும். ஓட்டம் கொஞ்சம் கம்மியாவணும். தண்ணி ஏற ஆரம்பிக்குற நேரம் மடவை மீனு கூட்டமா உள்ள பூரும். அது பின்னாலயே குட்டிச் சுறா வரும். அப்ப வலைய வுட்டா வுட்டதுக்கு மீனு.”

அவள் பேச்சுக்குச் சாட்சி வேண்டுமென்றால் சுறாவின் வயிற்றைக் கீறிக் காட்டுவாள். ஓடுகிற தண்ணீரில் பிடித்த சுறா வயிற்றில் அரைகுறையாகச் செரித்த மடவை இருக்கும். அதைக் கத்தி நுனியில் எடுத்து, வாங்க வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள். ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் மார்க்கெட் பக்கமே வரவில்லை.

அவள் போனில் தினமும் அலாரம் அடிக்கும். இன்றைக்கு எட்டரை என்றால் நாளைக்கு ஒன்பதே கால், மறுநாள் பத்து. ஒரு நாளைக்கு இரண்டு நாழிகை தள்ளிப்போகும் என்று அவளே மாற்றி வைப்பாள். அடித்ததும் கையிலிருக்கும் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு “தண்ணி முட்ட ஏறி நிக்குது” என்பாள். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் அரை நாள் பஸ் பயணம். பாலாற்றில் மணல் மட்டும்தான். எங்கே ஏறி நிற்கிறது என்று புதிதாக வந்தவர்கள் பயந்து காலுக்குக் கீழே பார்ப்பார்கள்.

கமிட்டித் தலைவர் ஒரு பாய். நாற்பது வருஷம் தோல் மண்டி வைத்திருந்து ஓய்ந்தவர். வெள்ளை ஜிப்பாவோடு காலையில் ஒரு சுற்று வருவார். அவருக்கு அக்காவைப் பிடிக்கும். மாதம் பிறக்கிற நேரத்தில் மேடைப் பக்கம் வந்து நிற்பார்.

“இன்னாம்மா, இன்னிக்குப் பிறை தெரியுமா?”

“மேகம் இல்லன்னா தெரியும் பாய். தண்ணி அப்படிதான் ஓடுதுன்னு தம்பி சொன்னான்.”

“சரிதான். பிறை தெரிஞ்சா எங்களுக்கு மாசம் பொறக்குது, உனக்குச் சுறா பொறக்குது.”

பாய் சொன்னால் மட்டும் அவள் சிரிப்பாள்.

எட்டு மாதம் அவளிடம் வேலை செய்தேன். பெட்டி திறந்ததும் மோந்து பார்த்துப் பிரிக்க வேண்டியது என் வேலை. கண்ணின் தெளிவைப் பார்ப்பேன், செவுளின் நிறத்தைப் பார்ப்பேன், விரலால் அழுத்துவேன். தம்பி அனுப்பும் மீனில் கெட்டது அபூர்வம். ஆகவே பிழைத்தேன். எப்போதாவது ஒன்றைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிப்பேன். முகம் சுளிக்க மூக்கு தேவையில்லை. அவள் நம்பினாள். ஊரில் ஒருத்தரையும் நம்பாதவள் என்னை நம்பினாள் என்று நினைக்கும்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஒருமுறை பெரிய தோல் முதலாளி ஒருவர் வீட்டிலிருந்து கார் வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. காரில் வந்த மேனேஜர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். தசமியோ ஏகாதசியோ, தண்ணீர் மந்தமான நாள். முந்தின நாள் வந்த பெட்டியில் தப்பித்தவறி இரண்டு சுறா இருந்தது. அவள் அவற்றை வீட்டுக் குழம்புக்கு என்று தனியே வைத்திருந்தாள். நல்ல மீன்தான்.

“குடுத்துடுக்கா, பெரிய இடம். மார்க்கெட்ல நாளைக்கு உதவும்” என்று நான் காதருகே சொன்னேன்.

அவள் எனக்குப் பதில் சொல்லாமல் காரைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு கீது சார். முந்தாநாள் புடிச்சது. எனக்கு ஆவும், எம் புருஷனுக்கு ஆவும். பச்ச உடம்புக்காரிக்கு ஆவாது. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க.”

கண்ணாடி மேலே ஏறியது. கார் எதிர்க்கடைக்கு முன்னால் நின்றது. ஐஸ்பெட்டிக்காரர் இரண்டு கையாலும் கும்பிட்டார். அன்று முழுக்க எனக்கு அவள் மேல் ஆத்திரம். இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று முனகினேன். முனகலைக் கேட்டு ஒரு மத்தியை என் மேல் எறிந்தாள்.

கடைசி நாள் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். பெட்டியில் பதினோரு சுறா வந்திருந்தது, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அவள் சந்தோஷமாக எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ஒரு இளைஞன் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். குழாயடியில் நின்று கத்தினான். இந்த மார்க்கெட்டில் வாங்கின சுறாவைத் தின்று அவன் மனைவி வாந்தியும் பேதியுமாகச் சாகக் கிடந்திருக்கிறாள். பிறந்து ஆறு நாள் ஆன குழந்தை ஒரு வாரம் தாயிடமிருந்து பிரிந்து கிடந்திருக்கிறது.

“எந்தக் கடை?” என்று கேட்டார்கள்.

“கொழாயாண்ட இருக்கிற கடை” என்றாள் அவன் அம்மா. குழாய்க்கு இந்தப் பக்கம் அக்காவின் மேடை, அந்தப் பக்கம் ஐஸ்பெட்டி. அந்த அம்மாவுக்கு முகம் நினைவில்லை.

“எத்தினி நாளாச்சு வாங்கி?” என்று அக்கா கேட்டாள்.

“பத்து நாளு.”

அவள் விரல் மடித்து எண்ணினாள். “அன்னிக்கு அஷ்டமி. அன்னிக்கு எம் மேடையில சுறாவே கெடையாது. இந்த மார்க்கெட்டுக்கே தெரியும்.”

தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஐஸ்பெட்டிக்காரரிடம் ஓசியில் ஐஸ் வாங்காத கடை அங்கே கிடையாது.

பாய் வந்தார். ஐஸ்பெட்டிக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

“பாய், கடல் எங்க கீது, ஆம்பூர் எங்க கீது? இங்க ஆத்துலயே தண்ணி இல்ல. இவ தெனம் அங்க தண்ணி ஓடுது, தண்ணி நிக்குதுன்னு குறி சொல்லிக்கினு கீறா. அத நம்பி என்னத் திருடன்றீங்களா? ரெண்டு கடை சுறாவையும் வைங்க. மூக்கு கீற ஆளு யாராச்சும் மோந்து சொல்லட்டும். எது நாறுதோ அந்த மேடைய மூடட்டும்.”

பத்து நாளைக்கு முன் விற்ற மீனுக்கும் இன்றைக்கு இருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சவால் என்று வந்துவிட்டால் அவளுக்குக் காது அடைத்துவிடும்.

“வைங்க! எங்காளே மோந்து சொல்வான்.”

“உன் ஆளு உனக்குதான சொல்வான்?”

“கண்ணக் கட்டுங்க. தோல உரிச்சு, துண்டு போட்டு வைங்க. தொடக்கூடாது, பாக்கக்கூடாது. அவனுக்கு மூக்கு ஒண்ணு போதும். எட்டு மாசமாப் பாக்குறேன், ஒரு நாளு தப்புனதில்ல.”

அந்த எட்டு மாதத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்பது பேர் முன்னால். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் புகழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. இதைவிடக் கேவலமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஈரத்துண்டால் கண்ணைக் கட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தட்டை முகத்துக்குக் கீழே நீட்டினார்கள். குளிர்ச்சி தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டு. அதுவும் குளிர்ச்சி. கெட்ட சுறா என்றால் கண் லேசாகக் கரிக்கும், ஆனால் கண்தான் துண்டுக்குள் இருந்தது. ஈயின் சத்தத்தைக் கேட்டேன், இரண்டிலும் ஈ. மறுபடி முதல் தட்டு, மறுபடி இரண்டாவது. இரண்டாவது தட்டு வந்தபோது என் இடது பக்கம் யாரோ இருமினார்கள். நாற்றம் தாங்காமல் இருமுகிறார்கள் என்று நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டாவது” என்றேன். “ரெண்டாவதுதான் கெட்டது.”

முதலில் ஐஸ்பெட்டிக்காரரின் சிரிப்பு கேட்டது. துண்டை அவிழ்த்தேன். இரண்டாவது தட்டு அக்காவுடையது. இருமியவர் ஒரு கிழவர், பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு மூக்கு இல்ல பாய்” என்று கத்தினேன். “தோல் ஃபேக்டரில போய்ட்ச்சி. நான் சொன்னது கணக்கில்ல. வேற யாரையாச்சும் கேளுங்க.”

“தோத்ததும் மூக்கு காணாம போய்ட்ச்சாம்” என்றான் ஒருத்தன். சிரிப்பு. கீரை விற்கிற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அந்த மொத தட்டுதாங்க நாறுது, எட்டத்துலயே அடிக்குதே” என்றாள். பூ விற்கிறவளும் மூக்கைப் பொத்தியிருந்தாள். வாங்க வந்த பெண்கள் பாதிப் பேர் பொத்தியிருந்தார்கள். கமிட்டியில் ஏழு பேர், ஏழும் ஆம்பிளை, ஏழும் தோல் வியாபாரமோ தோல் வேலையோ செய்தவர்கள். அத்தனை மூக்கு அங்கே நின்றுகொண்டிருக்க, செத்த மூக்கு ஒன்றைக் கேட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். கீரைக்காரியைப் பார்த்து ஒரு கமிட்டிக்காரர், “நீ போய் கீரையப் பாரும்மா” என்றார்.

பாய் தட்டைக் கையில் வாங்கி மோந்தார். இன்னொரு தட்டையும் மோந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அதை அவர் சொல்லவில்லை.

“ஆளு நீ சொன்ன ஆளும்மா. கண்ணக் கட்டச் சொன்னதும் நீதான். பேச்சுன்னா பேச்சு. நாளையிலேர்ந்து மேடை வேணாம்” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

ஐஸ்பெட்டிக்காரர் எனக்கு டீ வாங்கிவந்து நீட்டினார். “நம்ம கடைக்கு வந்துடு தம்பி” என்றார். அந்த டீயை அவருடைய ஐஸ்பெட்டிக்குள் ஊற்றினேன். இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். அடி விழுந்தது. அது பெரிய விஷயமில்லை.

அக்கா கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“எத்தினி நாளா மூக்கு இல்ல?”

“வந்த நாள்லேர்ந்தே.”

“மூக்கு இல்லன்னு சொல்லியிருந்தா பெட்டி தூக்க வச்சிருப்பேன்டா! தூக்குறதுக்கு ஆளு வேணாமா? எம் புருஷனுக்கு மூக்கு இல்ல, அவன நான் வெரட்டியா வுட்டேன்? பரதேசி. எட்டு மாசம் பக்கத்துல நின்னு சோறு தின்ன. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்ல இன்னாடா வலிச்சிது உனக்கு?”

எனக்கும் கோபம் வந்தது. கண்ணைக் கட்டச் சொன்னது யார், கீரைக்காரியைக் கூப்பிடத் தோன்றாமல் போனது யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் மீதிச் சுறாவையெல்லாம் அலுமினியக் கூடையில் அடுக்கினாள். இரண்டு கைப்பிடி ஐஸ் போட்டாள். ஈரச்சாக்கை மேலே மூடினாள்.

“எங்கக்கா போற?”

“தெருவுக்கு. மேடையதான புடுங்குனானுங்க. அங்க தண்ணி ஓடிக்கினுதான கீது.”

கூடையைத் தூக்கிவிடக் குனிந்தேன். “தொடாத” என்றாள். கீரைக்காரி வந்து ஒரு பக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டாள். மசூதித் தெருப் பக்கம் திரும்பும்போது அவள் குரல் கேட்டது. “பால்சுறாம்மா! ஓடுற தண்ணி சுறா! மூக்கு கீறவங்க வெளிய வந்து பாருங்கம்மா!” இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அன்று சாயங்காலம் வாணியம்பாடி போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில், கழிவுநீர் போய்ச் சேருகிற தொட்டியில் சேறு அள்ள ஆள் கேட்கிறார்கள் என்றார்கள். போனேன். மேஸ்திரி என் கையையும் காலையும் பார்த்தார்.

“நாத்தம் தாங்குவியா?”

“எனக்கு மூக்கு இல்ல மேஸ்திரி. வாசனையே தெரியாது.”

“நல்லதாப் போச்சு. போன வாரம் வந்தவன் வாந்தி எடுத்துட்டு ஓடிட்டான். ஏணி அங்க கீது, எறங்கு.”

தொட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஆழம். மூடியை அப்போதுதான் நகர்த்தியிருந்தார்கள். இந்த மாதிரித் தொட்டியில் இறங்கி ஏறாமல் போனவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். உள்ள காத்து விஷமா இருந்தா எனக்குத் தெரியாது. மூக்கு கீற ஆளு ஒருத்தர் மேல நிக்கணும்.”

“ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு ஆளா? சும்மா பேஜார் பண்ணாத. எறங்குறியா இல்லியா?”

“இல்ல.”

அவர் என்னை முறைத்தார். வேறு ஆள் இல்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கை தட்டிக் கூப்பிட்டார். அந்த அம்மா துடைப்பத்தோடு வந்து, தொட்டி விளிம்பில் குனிந்தாள். உடனே முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“இப்ப வேணாம்பா. ஜாஸ்தியா வருது. தொறந்து போட்டு வைங்க.”

மேஸ்திரி திட்டிக்கொண்டே ஆபீஸ் பக்கம் போனார். நாங்கள் இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்தோம். அரை மணிக்கு ஒருமுறை அந்த அம்மா எழுந்து போய்க் குனிந்து பார்ப்பாள், தலையாட்டுவாள், திரும்பி வருவாள். வெயில் தொட்டிக்குள் நேராக விழுகிற நேரத்தில், முந்தானையை எடுத்துவிட்டு நன்றாக ஒருமுறை மூச்சு இழுத்துப் பார்த்தாள். “இப்ப போலாம்” என்றாள். ஏணியில் கால் வைத்தேன்.